பென்சில் ஓவியம் பழகத் தொடங்குபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எனக்குக் கையே வராது. நான் கற்றுக்கொள்ள முடியுமா?

முடியும். தமிழில் தெளிவாக எழுதத் தெரிந்த கைக்கு ஓவியத்துக்கு வேண்டிய கட்டுப்பாடு ஏற்கெனவே இருக்கிறது. 'ஞ' எழுதும் விரல்களால் கத்தரிக்காயின் வளைவையும் எழுத முடியும். தொடக்கநிலையில் படம் கோணிப்போவதற்குப் பெரும்பாலும் கண்தான் காரணம்.

மேசைமேல் ஒரு டம்ளரை வைத்து வரையச் சொன்னால் பலர் வாயை வட்டமாகவும் அடியை நேர்க்கோடாகவும் போடுவார்கள். டம்ளரின் வாய் வட்டம் என்பதும் அது தட்டையாக நிற்கிறது என்பதும் நமக்குத் தெரியும், தெரிந்ததை வரைந்துவிடுகிறோம். அந்த இடத்தில் இருந்து பார்த்தால் வாய் ஒடுங்கிய நீள்வட்டம், அடி வளைந்த கோடு. தெரிந்ததை ஒதுக்கிவிட்டுத் தெரிவதை வரையப் பழகுவதுதான் முதல் ஆறு மாத வேலை. கீழே உள்ள பதில்கள் எல்லாமே ஏதோ ஒரு வகையில் அதற்கான வழிகள்தான்.

என்னென்ன வாங்க வேண்டும்?

ஹெச்பி, 2பி, 4பி என்று மூன்று பென்சில்கள், ஒரு மென்மையான வெள்ளை ரப்பர், ஒரு பிளேடு, கிளிப் வைத்த எக்ஸாம் பேட். நடராஜ், அப்சரா, கேம்லின், டாம்ஸ் என்று எந்தப் பெயரிலும் வாங்கலாம். 24 பென்சில் கொண்ட தகரப் பெட்டி இப்போது வேண்டாம். அதில் பாதி, ஹெச் வகைக் கடினப் பென்சில்களாக இருக்கும்; அழுத்தினால் தாளில் பள்ளம் விழும், அந்தப் பள்ளத்தை எந்த ரப்பரும் அழிக்காது.

எண்களின் பொருள் எளிது. பென்சிலின் உள்ளே இருப்பது கிராஃபைட்டும் களிமண்ணும் சேர்ந்த கலவை. 1795இல் பிரான்ஸில் கோன்தே என்பவர் காப்புரிமை பெற்ற முறை அது. இன்றும் அடிப்படை அதுதான். களிமண் கூடினால் கடினம், வெளிர்நிறம்: அது ஹெச். கிராஃபைட் கூடினால் மென்மை, கருமை: அது பி. ஹெச்பி இரண்டுக்கும் நடுவே; முன்னால் உள்ள எண் கூடக்கூட அந்தக் குணமும் கூடும். ஹெச்பியில் உருவம், 2பியில் நடுநிழல், 4பியில் அடர்நிழல் என்று வைத்துக்கொள்ளுங்கள். 6பி பிறகு வாங்கிக்கொள்ளலாம்.

தாளில் இரண்டு வகை வேண்டும். பயிற்சிக்கு ஜெராக்ஸ் கடையில் கிடைக்கும் 75 ஜிஎஸ்எம் ஏ4 தாள் ஒரு கட்டு (ஜிஎஸ்எம் என்பது தாளின் எடைக் கணக்கு; கூடினால் தாள் தடிக்கும்). ஷேடிங் செய்து, அதாவது நிழல் தீட்டி, முடிக்கும் படத்துக்கு 130 முதல் 150 ஜிஎஸ்எம் வரையுள்ள கார்ட்ரிட்ஜ் தாள். விரலால் தடவினால் இலேசாகச் சொரசொரக்க வேண்டும். அந்தச் சொரசொரப்புதான் கிராஃபைட்டைப் பிடித்து வைக்கிறது. பளபளக்கும் சார்ட் தாளில் பென்சில் வழுக்கும், கருமை ஏறாது. விலை உயர்ந்த நோட்டை முதலில் வாங்காதீர்கள். பக்கத்தைக் கெடுக்கப் பயந்தால் கை இறுகிவிடும்.

பென்சிலை பிளேடால் சீவச் சொல்கிறார்களே, ஷார்ப்னர் போதாதா?

எழுத ஷார்ப்னர் போதும். வரைவதற்கு முனை நீளமாக இருந்தால்தான் பென்சிலைச் சாய்த்துப் பக்கவாட்டில் தேய்க்க முடியும். மரத்தை 2 செ.மீ. அளவுக்குச் சரிவாகச் சீவி, அதில் 6, 7 மி.மீ. கரி வெளியே தெரியும்படி விடுங்கள். பென்சில் பிடித்த கையின் கட்டைவிரலால் பிளேடின் முதுகை மெல்லத் தள்ளி, பென்சிலைச் சுற்றிக்கொண்டே வர வேண்டும். பிளேடு உங்களைவிட்டு விலகும் திசையில்தான் போக வேண்டும். கடைசியில் உப்புத்தாளில் முனையைத் தேய்த்துக் கூராக்கலாம்.

சீவச் சீவ முனை உடைகிறதென்றால் பென்சில் எப்போதோ கீழே விழுந்து உள்ளே கரி துண்டாகியிருக்கும். அதைப் பயிற்சிக்கு ஒதுக்கிவிட்டு வேறு எடுங்கள்.

கோடு நடுங்குகிறது, முடிமுடியாக வருகிறது. என்ன செய்வது?

மணிக்கட்டை மட்டும் அசைத்து நீளக் கோடு போட முயல்வதால் வருவது இது. மணிக்கட்டின் வீச்சு 4, 5 செ.மீ.தான்; அதற்குமேல் போகும்போது கை நிற்கிறது, தூக்கி வைத்து மறுபடி தொடங்குகிறோம். சின்னச் சின்னக் கீற்றுகள் சேர்ந்து ஒரு கோடாகின்றன. நீளக் கோட்டுக்கு முழங்கையும் தோளும் அசைய வேண்டும். பென்சிலை முனையிலிருந்து 5, 6 செ.மீ. தள்ளிப் பிடியுங்கள்; சுண்டுவிரலின் நகம் மட்டும் தாளை உரசட்டும்.

பயிற்சி இது. 10 செ.மீ. இடைவெளியில் இரண்டு புள்ளிகள் வையுங்கள். பென்சில் தாளைத் தொடாமல் முதல் புள்ளியிலிருந்து இரண்டாவதற்கு மூன்று நான்கு முறை கையை வீசிப் பாருங்கள். பிறகு அதே வேகத்தில் ஒரே கோடு. போடும்போது பார்வை போய்ச் சேர வேண்டிய புள்ளியில் இருக்க வேண்டும், பென்சில் முனையில் அல்ல. கோலம் போடுகிறவர்களைக் கவனித்தால் இது விளங்கும். மாவு விழும் இடத்தைவிட அடுத்த புள்ளியில்தான் அவர்கள் கண் இருக்கும். வீட்டில் கோலம் போடத் தெரிந்தவர்களுக்கு இந்தப் பயிற்சி பாதி முடிந்த மாதிரிதான்.

கோடு புள்ளியைத் தவறினாலும் பரவாயில்லை, நடுவில் திருத்தாதீர்கள். ஒரு பக்கத்துக்கு முப்பது கோடுகள், பிறகு வளைவுகள், பிறகு வட்டங்கள். வாரத்துக்கு ஒருநாள் இதையே பால்பாயின்ட் பேனாவால் செய்யுங்கள். அழிக்க முடியாது என்று தெரிந்தால் கை யோசித்துவிட்டுத்தான் போடும்.

முதலில் எதை வரையலாம்?

எலுமிச்சை, கத்தரிக்காய், தீப்பெட்டி, அகல்விளக்கு, கோலிக்குண்டு போகாத அளவுக்கு வாய் குறுகிய மண்சாடி. ஒருநாளைக்கு ஒரு பொருள் போதும். பூவும் மயிலும் கடவுள் முகமும் வரையத்தான் எல்லாருக்கும் ஆசை. அவற்றில் விவரம் அதிகம் என்பதால் உருவம் எங்கே தப்பியது என்பதே தெரியாமல் போய்விடும். எலுமிச்சை தப்பினால் உடனே தெரியும்.

எவர்சில்வர் பாத்திரத்தை உருவம் வரைய வைத்துக்கொள்ளுங்கள். ஷேடிங்குக்கு இப்போது வேண்டாம். அறையில் உள்ள எல்லாமே அதில் தெரியும், எது நிழல் எது பிரதிபலிப்பு என்று குழம்பும்.

வரையும் தாளையும் மேசையில் படுக்க வைக்காதீர்கள். எக்ஸாம் பேடின் மேல்முனைக்கு அடியில் இரண்டு தடித்த புத்தகங்களை வைத்துச் சாய்த்துக்கொள்ளுங்கள். படுத்த தாளின் மேல்பகுதி கண்ணுக்குத் தூரமாக இருப்பதால் குறுகித் தெரியும், அதை ஈடுகட்ட நீங்கள் அறியாமலே நீட்டி வரைவீர்கள். தூக்கி நிறுத்திப் பார்க்கும்போது சாடியின் கழுத்து ஒட்டகக் கழுத்தாக இருப்பதற்கு இதுவே காரணம்.

ஒரு கண்ணை மூடிப் பென்சிலை நீட்டிப் பார்க்கிறார்களே, அது எதற்கு?

அளப்பதற்கு. தொடக்கநிலையில் கற்க வேண்டியவற்றில் இதற்கு இணையாக எதுவும் இல்லை. எனவே நிதானமாகச் சொல்கிறோம்.

கையை முழுதாக நீட்டி, முழங்கையை மடக்காமல், பென்சிலை நேராக நிறுத்துங்கள். எப்போதும் ஒரே கண்ணை மூடுங்கள். பென்சிலின் மேல்நுனியைச் சாடியின் இடது ஓரத்தில் பொருத்தி, அதைப் படுக்கவைத்து, வலது ஓரம் எங்கே வருகிறதோ அங்கே கட்டைவிரல் நகத்தை வையுங்கள். இதுதான் அகலம், உங்கள் அளவுகோல். நகத்தை அசைக்காமல் பென்சிலை நிமிர்த்தி, அந்த அளவு சாடியின் உயரத்தில் எத்தனை முறை போகிறது என்று எண்ணுங்கள். ஒன்றரை முறை என்று வைத்துக்கொள்வோம். தாளில் அகலத்துக்கு 8 செ.மீ. எடுத்தால் உயரம் 12 செ.மீ. வர வேண்டும். முதலில் இந்த நான்கு ஓரங்களுக்கும் மெல்லிய குறி போட்டு, பெட்டிக்குள் உருவத்தை அடைத்தால் படம் தாளைவிட்டு வழிந்து ஓடாது.

பென்சிலில் கிடைத்த நீளத்தை அப்படியே தாளில் வைக்கிற தவறு நிறைய நடக்கிறது. நமக்கு வேண்டியது நீளமில்லை, விகிதம். அடுத்த தவறு, பென்சில் பொருளை நோக்கிச் சாய்வது. முன்னால் ஒரு கண்ணாடிப் பலகை நிற்பதாக எண்ணி, அதன்மேல் பென்சில் ஒட்டிக்கிடக்க வேண்டும். மூன்றாவது, இடையில் உடம்பு நகர்வது. கால் மணி நேரத்தில் முதுகு 10 செ.மீ. தளர்ந்தால் எல்லா அளவும் மாறிவிடும். நாற்காலியின் கால்கள் நிற்கும் இடத்தைச் சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள்.

சாய்வுகளுக்கும் பென்சில் உதவும். பொருளின் ஓரத்தோடு பென்சிலைப் பொருத்திக் கடிகார முள்ளாக நினைத்துக்கொள்ளுங்கள்: இது ஒரு மணியா, இரண்டு மணியா? அதே சாய்வில் கையைத் தாளுக்கு இறக்கிக் கோடு போடுங்கள். செங்குத்தைப் பார்க்க, கொத்தனாரின் தூக்குக்குண்டு போல ஒரு நூலில் சாவியைக் கட்டித் தொங்கவிடலாம். சாடியின் கைப்பிடி நுனிக்கு நேர்கீழே என்ன வருகிறது என்று நூல் சொல்லிவிடும்.

நாற்காலி மாதிரி சிக்கலான உருவங்களுக்கு இன்னொரு வழி: காலை வரையாமல், கால்களுக்கு நடுவே தெரியும் வெற்றிடத்தை வரையுங்கள். வெற்றிடத்துக்குப் பெயர் இல்லை. அதனால் 'நாற்காலிக்கால் இப்படித்தான் இருக்கும்' என்ற பழைய நினைப்பு குறுக்கே வராது.

டம்ளரின் வாய் எப்போதும் கோணலாகவே வருகிறது.

முதலில் பென்சிலால் நடுவே ஒரு செங்குத்துக் கோடு, அதற்குக் குறுக்கே வாயின் அகலத்துக்கு ஒரு கிடைக்கோடு. நீள்வட்டத்தின் நான்கு கால்பாகங்களும் ஒன்றுபோல இருக்க வேண்டும். இரு முனைகளும் உருண்டையாகத் திரும்ப வேண்டும். மாங்கொட்டை போலக் கூராக முடிந்தால் தப்பு. ஒரே வீச்சில் இரண்டு மூன்று சுற்று, தோளிலிருந்து, மிக இலேசாகப் போட்டுவிட்டுச் சரியான சுற்றை மட்டும் அழுத்துங்கள்.

அடுத்து, வாயும் அடியும் ஒரே அளவு ஒடுங்கியிருக்காது. கண்மட்டத்தில் உள்ள வட்டம் வெறும் கோடாகத் தெரியும். கீழே இறங்க இறங்க விரியும். ஆகவே மேசைமேல் உள்ள டம்ளரில் வாயைவிட அடியின் வளைவு கூடுதலாக இருக்க வேண்டும். ஒரு டம்ளரில் மூன்று மட்டங்களில் ரப்பர் பேண்டு மாட்டி, அதை மெல்லக் கண் உயரத்துக்குத் தூக்கிப் பாருங்கள். இரண்டு நிமிடத்தில் புரிந்துவிடும். பின்பக்க அடிக்கோடு மறைந்திருந்தாலும் முழு நீள்வட்டத்தையும் வரைந்துவிட்டுப் பிறகு அழிப்பது நல்லது.

பெர்ஸ்பெக்டிவ் (தூரத்தைத் தாளில் காட்டும் முறை) கட்டாயம் கற்க வேண்டுமா?

தொடக்கத்தில் இரண்டு செய்திகள் போதும். தூரம் போகப்போக இணைகோடுகள் நெருங்கி, கண்மட்டத்தில் உள்ள ஒரு புள்ளியில் சேர்கிற மாதிரி தெரியும். கண்மட்டத்துக்கு மேலே உள்ளவை இறங்கும், கீழே உள்ளவை ஏறும். இதற்கான விதிகளை இத்தாலியில் 1435இல் ஆல்பெர்த்தி எழுதிவைத்தார். ஆனால் ரயில்வே பிளாட்ஃபாரத்தில் நின்று கூரையையும் தண்டவாளத்தையும் ஒருமுறை பார்த்தால் போதும், எல்லாம் கண்ணெதிரே இருக்கும்.

எனவே எதை வரைந்தாலும் கண்மட்டம் எங்கே என்று முதலில் மெல்லிய கோடு போட்டுக்கொள்ளுங்கள். தரையில் உட்கார்ந்தால் கண்மட்டம் ஏறத்தாழ 75 செ.மீ.; சாதாரணச் சாப்பாட்டு மேசையின் மேற்பரப்பு அப்போது ஒரு கோடாகத்தான் தெரியும். நின்று பார்க்கும் சமதளத் தெருவில், உங்கள் உயரமுள்ளவர்கள் அருகில் இருந்தாலும் தூரத்தில் இருந்தாலும் அவர்களுடைய கண்கள் எல்லாம் அதே கோட்டில் வரும். தூரத்து ஆளின் தலையைக் கீழே இறக்கி வரைந்தால் அவர் குழந்தையாகிவிடுவார், அல்லது பள்ளத்தில் நிற்பார்.

ஷேடிங் செய்தால் படம் சாம்பல் பூசின மாதிரி ஆகிவிடுகிறது.

கருப்பு போதாததால். 2.5 செ.மீ. பக்கமுள்ள ஐந்து கட்டங்கள் வரிசையாகப் போடுங்கள். முதலாவது வெறும் தாள், ஐந்தாவது 4பியில் முடிந்தவரை கருப்பு. முதலில் இந்த இரண்டையும் முடித்துவிட்டு நடுக்கட்டத்தை நிரப்புங்கள், பிறகு மற்ற இரண்டும். இடமிருந்து வலமாக நிரப்பினால் நான்காவது கட்டத்துக்குள்ளேயே கருமை தீர்ந்துவிடும். இந்த அட்டையை வெட்டிப் பக்கத்தில் வைத்துக்கொண்டே வரையுங்கள்.

வெளிச்சம் ஒரே பக்கத்திலிருந்து வர வேண்டும். ஜன்னல் அல்லது ஒரு மேசைவிளக்கு. மேலே எரியும் டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள். இரண்டு விளக்கு எரிந்தால் இரண்டு நிழல் விழும், எலுமிச்சை தட்டையாகும். இப்போது கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். விவரங்கள் மங்கி, வெளிச்சப்பகுதி, நிழல்பகுதி என்று இரண்டு துண்டுகளாகத் தெரியும். அந்த எல்லையை மெல்லிய கோட்டால் பிரித்து, நிழல்பகுதி முழுவதையும் ஒரே நடுச்சாம்பலில் நிரப்புங்கள். படத்தில் பாதி வேலை இதுதான்.

பிறகு பார்க்க வேண்டியவை: வெளிச்சம் நேராகப் படும் ஒளிப்பொட்டு, அதைச் சுற்றி மெல்ல மங்கும் பகுதி, எல்லையை ஒட்டிய அடர்நிழல், தரையிலிருந்து தெறித்து நிழலுக்குள் வரும் மங்கல் ஒளி, தரைமேல் விழும் நிழல். இவற்றில் பெரும்பாலானோர் தடுமாறுவது தெறிப்பு ஒளியில்தான். கருப்புக்கு நடுவே இருப்பதால் அது கண்ணுக்குப் பிரகாசமாகத் தோன்றும்; அதை வெள்ளையாக விட்டுவிடுவார்கள். அது எப்போதும் நிழல்பகுதிதான், வெளிச்சப்பகுதியின் எந்த இடத்தைவிடவும் கருமையாகவே இருக்க வேண்டும். தரைநிழல் பொருளைத் தொடும் இடத்தில் மிகக் கருப்பாகவும் கூராகவும், விலக விலக மங்கியும் கலைந்தும் இருக்கும். இதை விட்டுவிட்டால் பொருள் மிதக்கும்.

விரலால் தேய்த்து வழவழப்பாக்குவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. விரலின் எண்ணெய்ப்பசை தாளில் ஏறித் திட்டுத்திட்டாக நிற்கும், அதன்மேல் பென்சில் பிடிக்காது. பென்சிலைச் சாய்த்து, இலேசான கோடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று நான்கு அடுக்கு போடுங்கள்; ஒவ்வொரு அடுக்குக்கும் திசையைச் சற்று மாற்றுங்கள். ஒரே அடியாக அழுத்தினால் கிராஃபைட் பளபளக்கும், பக்கவாட்டில் பார்த்தால் கருப்பே வெள்ளையாக மின்னும்.

முகம் எப்போது வரையலாம்? ஜாடை ஏன் வருவதில்லை?

இரண்டு மூன்று மாதம் பொருட்களை வரைந்தபிறகு. ஜாடையைக் கண்ணிமை முடியிலும் உதட்டு வரியிலும் தேடுகிறார்கள்; அது மண்டையின் விகிதத்தில் இருக்கிறது. தெருமுனையில் வரும் தெரிந்தவரை முகம் தெரியுமுன்பே கண்டுகொள்கிறோம் அல்லவா?

வளர்ந்தவரின் தலையில் உச்சிக்கும் மோவாய்க்கும் சரிபாதியில் கண்கள் இருக்கும். தொடங்குபவர்கள் அநேகமாக எல்லாரும் கண்ணை மேலே ஏற்றிவிடுவார்கள், நெற்றியிலும் தலைமுடியிலும் 'பார்க்க எதுவும் இல்லை' என்பதால். விளைவு, மண்டையின் மேல்பாதி வெட்டுண்டதுபோல இருக்கும். கண்ணிலிருந்து கண்ணுக்கு இடையே ஏறக்குறைய ஒரு கண்ணின் அகலம். காதுகள் புருவத்துக்கும் மூக்கின் அடிக்கும் நடுவே. இவை பொதுக்கணக்கு, உங்கள் முன் இருப்பவர் இதிலிருந்து எங்கே விலகுகிறாரோ அங்கேதான் ஜாடை. இரு கண்களின் வெளிமுனைகளையும் வாயின் நடுவையும் சேர்த்து ஒரு முக்கோணம் கற்பனை செய்து, அது ஒடுங்கியதா விரிந்ததா என்று முதலில் பாருங்கள். பல்லை ஒவ்வொன்றாகக் கோடு போட்டுப் பிரிக்காதீர்கள். மொத்தமாக ஒரு வெளிர் வடிவமாக விடுங்கள்.

போட்டோ பார்த்து, கட்டம் போட்டு வரைந்தால் தப்பா?

தப்பில்லை. சினிமா பேனர் வரைந்த கலைஞர்கள் கையளவு படத்தைக் கட்டம் போட்டுத்தான் ஆள் உயரத்துக்குப் பெருக்கினார்கள். போட்டோவில் 2 செ.மீ. கட்டமும் தாளில் 4 செ.மீ. கட்டமும் போட்டால் படம் இரண்டு மடங்காகும். ஆனால் எப்போதும் கட்டத்தையே நம்பினால் கண் அளக்கப் பழகாது. நான்கு படத்துக்கு ஒன்று கட்டத்தில், மற்றவை நேரே பார்த்து என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டக்கோட்டை ஹெச்பியில் மிக இலேசாகப் போடுங்கள், இல்லையென்றால் கன்னத்தில் தழும்பாகத் தங்கிவிடும்.

போனில் முகத்தைக் கிட்டத்தில் வைத்து எடுத்த படம் வேண்டாம். மூக்கு பெருத்து, காது சுருங்கியிருக்கும். 2 மீட்டர் தள்ளி நின்று ஜூம் செய்து எடுங்கள்.

யாருடைய ஓவியங்களைப் பார்த்துப் பழகலாம்?

கோட்டுக்குச் சில்பியைப் பாருங்கள். ஆனந்த விகடனில் அவர் வரைந்த கோயில் சிற்பங்களில், கல்லின் தேய்மானம்கூடக் கோட்டின் தடிப்பிலேயே தெரியும். ஆட்களின் நிற்கும் தினுசுக்கும் உடல்மொழிக்கும் கோபுலு. குறைந்த கோட்டில் நிறையச் சொல்வதற்கு ஆதிமூலம் வரைந்த காந்தி கோட்டோவியங்கள். பார்த்து வரையும்போது விவரத்தைப் பிரதி எடுக்காமல், எந்தக் கோடு தடிக்கிறது, எங்கே விட்டுப்போகிறது என்று கவனியுங்கள்.

தினமும் எவ்வளவு நேரம்?

அரைமணி. ஞாயிற்றுக்கிழமை மட்டும் மூன்று மணி நேரம் உட்காருவதைவிட இது பலன் தரும். 5 நிமிடம் கோடு, வட்டம். 20 நிமிடம் ஒரு பொருள். கடைசி 5 நிமிடம் படத்தைப் பொருளின் பக்கத்தில் நிறுத்தி, 2 மீட்டர் தள்ளிப் போய்ப் பார்த்து, தப்பான ஓர் இடத்தை ஓரத்தில் எழுதிவையுங்கள். கண்ணாடியில் காட்டிப் பார்த்தால் கோணல் உடனே தெரியும். முதல் மாதம் உருவம் மட்டும், இரண்டாம் மாதம் அளவும் நீள்வட்டமும், மூன்றாம் மாதம் ஷேடிங். பேருந்து நிலையத்தில் காத்திருக்கும் நேரத்தில் ஆட்களை ஒரு நிமிடத்தில் கிறுக்குங்கள். தலை, முதுகின் வளைவு, எடை விழும் கால், அவ்வளவுதான். ஆள் எழுந்து போனால் அடுத்த ஆள்.

வரைந்த படம் கைபட்டுக் கலைகிறது. எப்படிப் பாதுகாப்பது?

வலக்கைக்காரர்கள் இடது மேல்மூலையிலிருந்தும், இடக்கைக்காரர்கள் வலது மேல்மூலையிலிருந்தும் ஷேடிங்கைத் தொடங்குங்கள். கைக்கு அடியில் ஒரு வெற்றுத்தாள் இருக்கட்டும். அதை இழுக்காமல், தூக்கித் தூக்கி வையுங்கள். ரப்பர் தூளைக் கையால் துடைக்காமல் மெல்லிய தூரிகையால் தட்டுங்கள்.

முடிந்த படத்துக்கு, பென்சில் கலையாமல் பிடித்து வைக்கும் ஃபிக்ஸேட்டிவ் ஸ்பிரேயை 30 செ.மீ. தள்ளிப் பிடித்து, காற்றோட்டமான இடத்தில், மெல்லியதாக இரண்டு முறை அடியுங்கள். முதல் பூச்சு காய்ந்தபிறகுதான் இரண்டாவது. கிட்டத்தில் அடித்தால் துளி விழுந்து கறையாகும். தலைமுடிக்கான ஸ்பிரே நாளடைவில் தாளை மஞ்சளாக்கும். படங்களுக்கு நடுவே பட்டர் பேப்பர் வைத்து, தட்டையாக அடுக்குங்கள். மழைக்காலத்தில் சுவரை ஒட்டிய அலமாரியில் வைக்க வேண்டாம். ஈரம் ஏறினால் தாள் நெளியும், பூஞ்சை பிடிக்கும், இராமபாணப் பூச்சியும் வரும். ஒவ்வொரு படத்தின் பின்பக்கமும் தேதியை ஹெச்பியில் அழுத்தாமல் எழுதுங்கள், அழுத்தினால் முன்பக்கம் புடைத்துத் தெரியும்.